இரண்டு தட்டு, ஒரு கீறல்

"ரிவெட் கன்ன வித்தது நீதானா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"இல்ல சார்."

"பாத்தியா வேணி? கண்ணு ஜன்னல் பக்கம் போகல. இந்தப் பொண்ணு டிக்கெட் எடுத்திருக்கு," என்றார் மாசிலாமணி.

அமலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேணிதான் விளக்கினாள். மாசிலாமணி வாழ்நாள் பூராவும் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற வண்டியில் ஏறி, நெரிசலில் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்புகிற, டிக்கெட் வாங்காத முகத்தை மட்டும் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்த வித்தை வீணாகக் கூடாதென்று விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருக்கிறார். வேணி முன்பு வாடகைக் கார் ஓட்டியவள். இப்போது இவருடைய கார், கணக்கு, இவர் பேச மறந்த பேச்சு எல்லாம் அவள் பொறுப்பு.

"சார் பாராட்டினா அப்படித்தான் இருக்கும். எனுக்கு கல்யாணம் ஆனப்ப, 'மாப்ள சில்லறை வச்சிருக்கார்'னாரு. நான் பணக்காரன்னு நெனச்சி ஏமாந்துட்டேன்," என்றாள் வேணி.

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை மேல் அந்த ரிவெட் கன் கிடந்தது. காற்றழுத்தத்தில் ஓடுகிற சின்ன இயந்திரச் சுத்தியல் அது. பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். டிரிக்கரை அழுத்தினால் முனை படபடவென்று ஆணியின் தலையில் அடிக்கும்.

கண்டமங்கலம் சாலையில் இருக்கிற முதலாளி விருத்தாசலத்தின் பட்டறையில் விமானக் கதவுகளுக்கான அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைக்கிறார்கள். அமலா அங்கே கன் பிடிக்கிறவள். அடித்து முடித்த ஒவ்வொரு தகட்டிலும் அடித்தவரின் எண் போட்ட முத்திரை விழும். அமலாவின் எண் பதினேழு. அந்த முத்திரை கையில் இருக்கிற வரைதான் இந்தத் தொழிலில் சோறு. ஒரு பட்டறையில் முத்திரையைப் பிடுங்கினால் பெங்களூர் வரைக்கும் எந்தப் பட்டறையும் வாசலில்கூட நிற்க விடாது.

அன்று காலை அந்த முத்திரைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. தகடு வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து, ஒரு லாட் தகடுகளையே கழித்துக் கட்டிவிட்டுக் கன்னைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தது மட்டமான போலிச் சரக்கு. வெளியே மட்டும் ஒரிஜினலை உரித்து வைத்த மாதிரி. அந்தப் போலிதான் இப்போது மேஜை மேல் கிடந்தது.

"முதலாளி இன்னா சொன்னாரு?"

"நல்லத வித்துட்டு டூப்ளிகேட்ட வச்சிட்டேன்னு சொல்றாரு சார். நான் எடுத்துக்கினு போனத ஒரு ஆளு பாத்துதாம். யாருன்னு சொல்ல மாட்டேங்கறாரு. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கன்னு வரலன்னா முத்திரைய புடுங்கிட்டு போலீசுல குடுத்துடுவாராம்."

"நீ இந்த போலிய எத்தினி நாளா புடிச்சிக்கினு இருந்த?"

"மூணு வாரம் இருக்கும் சார். அப்பலேந்துதான் ஒதைக்குது."

"ஒதைக்குதுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

அமலா தன் விரல்களைப் பார்த்தாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "கன்னு ஒதைக்கல, என் கைதான் போயிடுச்சின்னு நெனச்சிக்கினேன் சார். இந்த வேலையில சில பேருக்கு வெரல் மரத்துப் போகும். அப்பறம் அடி புடிபடாது. வெளிய சொன்னா கன்ன வாங்கிடுவாங்க. அன்புச்செல்விக்கு மட்டுந்தான் தெரியும். அதுதான் தெனமும் சாயந்தரம் தைலம் தேய்ச்சி விட்டுது."

"அது யாரு?"

"என் பின்னாடி நிக்கிறது சார்."

ரிவெட் அடிப்பது ஒருத்தர் வேலை இல்லை. தகட்டுக்கு முன்னால் நின்று ஒருத்தி கன்னால் அடிக்க, பின்னால் நின்று இன்னொருத்தி டாலி என்கிற இரும்புக் கட்டையை ஆணியின் வாலில் முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வால் நசுங்கிப் பொட்டு மாதிரி வட்டமாக உட்காரும். நடுவில் தகடு நிற்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆணி எப்படி உட்கார்ந்தது என்பது பின்னால் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். காதில் அடைப்பான் வைத்திருப்பதால் பேச்சும் கேட்காது. அதனால் அவள் டாலியால் தகட்டைத் தட்டிச் சொல்வாள். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் போதும்.

"எங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கோம் சார்," என்றாள் அமலா. அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் இளகியது. "ஆணி ரொம்ப அழகா உக்காந்துடுச்சின்னா, ரெண்டு தட்டு தட்டிட்டு நகத்தால ஒரு கீறு கீறும். கீறினா தகடு சிலிர்க்கும், என் கைக்குத் தெரியும். ஆறு வருஷமா ஜோடியா நிக்கிறோம். எனுக்கு கூடப் பொறந்தது மாதிரி."

மாசிலாமணி கன்னின் கைப்பிடியில் சுற்றியிருந்த துணி டேப்பை நகத்தால் நெம்பிப் பிரித்தார். அடியில் பாதி கிழிந்த பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுக்கூர் டூல்ஸ், திண்டிவனம்.

"திருடனுக்கு சோம்பேறித்தனம் ஆகாது சார். ஸ்டிக்கர கிழிக்கக்கூட நேரமில்ல பாருங்க," என்று வேணி கார்ச் சாவியை எடுத்தாள்.

திண்டிவனத்தில் அப்துல் சுக்கூரின் கடையில் குழாய்களும் பம்புகளும் கூரையிலிருந்து தொங்கின. சுக்கூர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் பல வருடம் கருவி அறையைப் பார்த்துக்கொண்டவர். கன்னைக் கையில் வாங்கிய உடனேயே முகத்தைச் சுளித்தார்.

"நான் வித்ததுதான். வாணாம் வாணாம்னு சொல்லித்தான் வித்தேன். இதால ஏரோப்ளேன் தகட்டுல அடிச்சீங்களா? யா அல்லா."

"இன்னா பாய் தப்பு இதுல? பாக்க லட்சணமாத்தான் இருக்குது," என்றாள் வேணி.

"லட்சணத்த வச்சி கன்னு வாங்கலாமா? இப்படி வாங்க."

கடையின் பின்கட்டில் ஒரு கம்ப்ரஸரும், கனமான மரப்பலகை ஒன்றும் இருந்தன. சுக்கூர் போலியைக் காற்றுக் குழாயில் மாட்டினார். பலகையில் வைத்து டிரிக்கரைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது சாமி வந்தது போல் ஆடியது. பலகையில் நாலைந்து பள்ளம் விழுந்தது.

"பாத்தீங்களா? மெதுவான்ற பேச்சே இதுங்கிட்ட கெடையாது. ஒண்ணு சும்மா இருக்கும், இல்ல பேயா அடிக்கும். இப்ப இத புடிம்மா," என்று வேறொரு கன்னை அமலாவிடம் நீட்டினார். "செகண்ட் ஹேண்டுதான். ஆனா நல்ல சாதி. அமுக்காத. சும்மா வெரல வை."

அமலா விரலை வைத்தாள். டொக் என்று ஓர் அடி. கொஞ்சம் அழுத்தினாள். டொக், டொக், டொக். இன்னும் அழுத்த, அடி சீராக வேகம் பிடித்தது. விரலைத் தளர்த்தியதும் அடங்கியது. பலகையில் ஒரே ஒரு குழிதான், தச்சன் அளந்து போட்டது மாதிரி.

"நல்ல கன்னுன்னா சொன்ன பேச்சு கேக்கணும்," என்றார் சுக்கூர். "கையில கனம் ஒரு பக்கமா சாயக் கூடாது. காத்து நம்ம மூஞ்சியில ஊதக் கூடாது. உள்ள வாசர் தேஞ்சி போனா மாத்து வாசர் கடையில கெடைக்கணும். வெலைய கடைசியாத்தான் கேக்கணும்."

அமலா எதையும் கேட்கவில்லை. மறுபடி டிரிக்கரைத் தொட்டாள். மறுபடி. நினைத்த இடத்தில் நினைத்த அளவுக்கு அடி விழுந்தது. மூன்று வாரமாக இரவு படுத்தால் தூக்கம் இல்லாமல் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"என் கை போகல சார்," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனுக்கு ஒண்ணும் ஆகல. கை நல்லாதான் இருக்குது."

"அது இருக்கட்டும் பாய். இந்தப் போலிய யார் வாங்கினாங்க?" என்றார் மாசிலாமணி.

சுக்கூர் தாடியைத் தடவினார். "அதுதான் எனுக்கே இன்னும் ஆச்சரியமா இருக்குது சார். ஒரு பொண்ணு வந்துது. மாஸ்க்கு போட்டு துப்பட்டாவ சுத்தியிருந்துது, மொகம் தெரியல. போன்ல ஒரு கன்னோட படத்த காட்டி, இதே மாதிரி வேணுன்னுது. நான் ரெண்டையும் எடுத்து வச்சேன், நல்லதையும் மட்டத்தையும். வழக்கமா யார் வந்தாலும் டிரிக்கரத்தான் புடிப்பாங்க. இந்தப் பொண்ணு, 'பாய் நீங்க அடிங்க'ன்னுட்டு, ஒரு இரும்புத் துண்ட எடுத்துக்கினு பலகைக்கு பின்னாடி போய் நின்னுகிச்சி."

அமலாவின் விரல் டிரிக்கரிலிருந்து விலகியது.

"மட்டத்த அடிச்சேன். ஒண்ணும் சொல்லல. நல்லத அடிச்சேன். நிறுத்தின ஒடனே பின்னாடிலேந்து பலகைய தட்டுது. எப்படின்னா…" சுக்கூர் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, மேஜையின் தகரத்தில் இரண்டு முறை தட்டினார். பிறகு நகத்தால் சரக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். "இந்த மாதிரி. வெளிய வந்து, 'இதுதான் பாய் நல்லது'ன்னுது. அப்ப இதையே பில்லு போடட்டுமான்னேன். 'இல்ல பாய், எனுக்கு மட்டத்த குடுங்க'ன்னு வாங்கிக்கினு போயிடுச்சி. நல்லத நல்லதுன்னு தெரிஞ்சே கெட்டத வாங்கின ஆள நான் கடை வச்ச நாள்லேந்து பாத்ததில்ல சார்."

மாசிலாமணி திரும்பி அமலாவைப் பார்த்தார். "யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியல சார்," என்றாள் அமலா.

அவள் கண் ஜன்னல் பக்கம் போனது.

சுக்கூரிடம் அந்த நல்ல கன்னை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கூட்டேரிப்பட்டு வருகிற வரை அமலா கார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். டீக்கடை ஓரம் வேணி வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை வாங்கி வந்து நீட்டினாள். அமலா வாங்கவில்லை.

"போறப்ப வாய் ஓயாம பேசிக்கினு போன. இப்ப டிக்கெட் இல்லாதவங்க மாதிரி வெளிய பாத்துக்கினே வர்ற," என்றார் மாசிலாமணி. "கீறலப் பத்தி காத்தால நீதானம்மா எங்கிட்ட சொன்ன. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

அவ்வளவுதான். அமலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு வார்த்தைகளும் வந்தன.

"கைப்பிடி டேப்பு பழசா இருக்குன்னு அதுதான் சார் புதுசு சுத்திக் குடுத்துது. நான் தேங்க்ஸ் வேற சொன்னேன். மறுநாள்லேந்துதான் ஒதைச்சிது. கன்னு சரியில்லியோன்னு கேட்டேன். 'கன்னு நல்லாதாங்க்கா இருக்குது, ஒங்கைதான்'னு சொல்லிச்சி. தெனம் சொல்லிச்சி. சொல்லிக்கினே தைலமும் தேய்ச்சிது. அது தேய்க்கறப்ப நான் அழுதிருக்கேன் சார். என் கண்ண தொடைச்சி விட்டிருக்குது."

கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். பறித்த குழியில் விழுந்தவளுக்கு ஒத்தடமும் கொடுப்பதற்குத் தனிப் பெயர் ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். வேணி மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

"சார், அது இல்லன்னு சொல்லிட்டா? மாஸ்க்கு போட்டவங்கள யாருன்னு காட்டறது?" என்றாள் அமலா.

"அத சொல்ல வைக்க வேணாம். தட்ட வைப்போம்," என்றார் மாசிலாமணி. "நீ ஒண்ணே ஒண்ணு செய். இன்னிக்கு பின்னாடிலேந்து எந்தத் தட்டு வந்தாலும் கேக்காத. ஒங்கைக்கு எப்ப போதும்னு தோணுதோ அப்ப நிறுத்திடு."

பட்டறைக்குள் நுழைந்தபோது ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. முதலாளி விருத்தாசலம் முறைத்துக்கொண்டு நின்றார். அன்புச்செல்வி ஓடி வந்து அமலாவின் கையைப் பிடித்தாள். ஒல்லியான, களையான முகம். "இன்னாக்கா ஆச்சி? எனுக்கு சோறே எறங்கல," என்றாள். அமலா கையை உருவிக்கொள்ளவில்லை. உருவாமல் இருக்கத்தான் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

மாசிலாமணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலாளியிடம் சொன்னார். "எனுக்கு ஒரு சந்தேகம் சார். இந்தப் பொண்ணுக்கு கை போயிடுச்சோ, அத மறைக்க கன்னு மேல பழி போட, அதுவே போலிய மாத்தி வச்சிடுச்சோ என்னமோ. இப்ப ஒரு நல்ல கன்னு குடுத்து அடிக்கச் சொல்வோம். ஆணி கோணலா உக்காந்தா கை போனது நிஜம். முத்திரைய நீங்க எடுத்துக்கலாம். பின்னாடி யாரு புடிப்பாங்க?"

"நான் புடிக்கறேன் சார்," என்றாள் அன்புச்செல்வி. கேட்டு முடிக்கும் முன்பே டாலியை எடுத்துவிட்டாள்.

இரண்டு தகடுகளைச் சேர்த்துச் சட்டத்தில் நிறுத்தினார்கள். அமலா முன்னால். அன்புச்செல்வி பின்னால். மற்றவர்கள் எல்லோரும் அமலாவின் பக்கமே நின்றார்கள். அந்தப் பக்கம் பார்க்க ஆள் இல்லை.

அமலா விரலை வைத்தாள். டொக், டொக், பிறகு சீரான அடி. கைக்குப் போதும் என்று தெரிந்தது. நிறுத்தினாள்.

பின்னாலிருந்து ஒரு தட்டு வந்தது. இன்னும் அடி.

ஆறு வருடம் அந்தத் தட்டுக்குக் கீழ்ப்படிந்த விரல் தானாக டிரிக்கருக்குப் போனது. அமலா பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். அடுத்த ஆணிக்குப் போனாள். அடித்தாள், நிறுத்தினாள். மறுபடியும் ஒரே தட்டு. மூன்றாவது ஆணி. அதே ஒரு தட்டு, இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

"போதும். தகட்ட திருப்புங்க," என்றார் மாசிலாமணி.

விருத்தாசலமே திருப்பினார். மூன்று ஆணிகளும் பொட்டு வைத்த மாதிரி வட்டமாக உட்கார்ந்திருந்தன. அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்கு மேல் ஒரு அடி அடித்திருந்தால் மூன்றும் பாழாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"இது நல்லாதான உக்காந்திருக்குது. அப்பறம் ஏன் இன்னும் அடின்னு தட்டின?" என்று அன்புச்செல்வியிடம் கேட்டார்.

அவள் டாலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் சர்வீசு பூரா டிக்கெட் இல்லாதவங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்," என்றார் மாசிலாமணி. "அப்பறந்தான் புரிஞ்சிது, காச வாங்கிக்கினு டிக்கெட்ட கிழிக்காத கண்டக்டரும் அதே பஸ்லதான் வர்றாருன்னு. மூணு வாரமா இந்தப் பொண்ணோட கன்னு மட்டுமில்ல சார் போலி. பின்னாடிலேந்து வந்த தட்டும் போலி. திண்டிவனத்துல சுக்கூர் பாய் போன்ல காத்துக்கினு இருக்காரு. கொரல் அவருக்கு ஞாபகம் இருக்குதாம். பேசறியாம்மா?"

அன்புச்செல்வி டாலியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே நின்ற தன் ஸ்கூட்டர் பக்கம் போனாள். வேணி கூடவே போனாள். சீட்டுக்கு அடியிலிருந்து பழைய சுடிதார் துணியில் சுற்றிய கன் வந்தது. அமலாவின் கன். பழைய டேப்பு அப்படியே இருந்தது.

"அடப்பாவி," என்றார் விருத்தாசலம். "அமலா பையில வச்சி எடுத்துக்கினு போச்சி, நான் கண்ணால பாத்தேன்னு எங்கிட்ட வந்து சொன்னதே நீதானே."

அமலா அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தாள். அதைக் கேட்டதும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போலீசு வரைக்கும் போவும்னு நெனைக்கலக்கா," என்றாள் அன்புச்செல்வி. "கை போச்சின்னு நீயே கன்ன எங்கிட்ட குடுத்துடுவேன்னு நெனச்சேன். ஆறு வருஷம் பின்னாடி நின்னேன். தகடு போறப்ப விழறது ஒன் முத்திரை. எனுக்கு பேரும் இல்ல, நம்பரும் இல்ல. காலையில கம்பெனிக்காரரு கன்ன பிரிச்ச ஒடனே பயந்துட்டேன். பயத்துல ஒன் பேர சொல்லிட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் அமலா.

"கேட்டா குடுத்திருப்பியா?"

அமலா யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்குக் கேட்ட பொய்களே போதும் என்றிருந்தது.

"குடுத்திருக்க மாட்டேன்," என்றாள். "கன்ன குடுத்திருக்க மாட்டேன் அன்பு. சண்ட போட்டிருப்பேன். ஆனா ஒன் கை நல்லா இருக்கறப்ப, அது செத்துப் போச்சின்னு ஒன்னயே நம்ப வச்சிருக்க மாட்டேன்."

அன்புச்செல்வி அழுதாள். தேற்ற யாரும் போகவில்லை. விருத்தாசலம் தன் அறையில் இருந்த பதினேழாம் எண் முத்திரையைக் கொண்டு வந்து அமலாவின் கையில் வைத்தார். மன்னிப்பு கேட்கத் தெரியாத மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "திங்கக்கெழம புது லாட்டு வருது. பின்னாடி நிக்க வேற ஆள் பாக்கறேன்," என்றார். அமலா தலையை மட்டும் ஆட்டினாள். தன் கன்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மூடியைச் சாத்தினாள். சாத்திவிட்டு, மறுபடி திறந்து, கன்னை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் வேணி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "வீட்டுக்குத்தான அமலா?"

"இல்லக்கா. மொதல்ல கடைத்தெரு பக்கம் போங்க. ஒரு பூட்டு வாங்கணும்."

"எதுக்கு?"

"என் டூல் பாக்ஸுக்கு. அன்பு இருக்கறப்ப எதுக்கு பூட்டுன்னு இதுவரைக்கும் வாங்கவே இல்ல."